இரண்டு டிகிரி மேற்கே

(பேச்சிப்பாறையில் ட்ரோன் இயக்குபவர்களும் விவசாயிகளும் மாணவர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)



என்னைக் கூப்பிட்டவர்கள் ஒரு கேள்வியோடுதான் கூப்பிட்டார்கள். "காம்பஸ் காட்டும் வடக்கு வேறு, நிஜமான வடக்கு வேறு என்கிறார்களே, அதனால்தான் நம்ம ஊரில் சில நேரம் ட்ரோன் நின்ற இடத்தில் நிற்காமல் வட்டமடிக்கிறதா? அதைச் சரிசெய்யத்தான் காலிப்ரேஷன் என்று சொல்லி ட்ரோனைக் கையில் பிடித்துச் சுற்றச் சொல்கிறார்களா?" இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான்: இல்லை. ஏன் இல்லை என்று சொல்வதற்குத்தான் இந்த நேரம்.

முதலில் அளவைப் பார்த்துவிடுவோம். பூமியின் அச்சை வைத்துச் சொல்லும் வடக்கு ஒன்று, காம்பஸ் முள் காட்டும் வடக்கு ஒன்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் கோணத்தைக் காந்த ஒதுக்கம் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். இது ஊருக்கு ஊர் மாறும், காலத்துக்குக் காலமும் மாறும். பேச்சிப்பாறையில் இன்றைக்கு அது ஏறத்தாழ 2 டிகிரி, மேற்குப் பக்கம். அவ்வளவுதான். முள்ளை மட்டும் நம்பி 100 மீட்டர் நடந்தால் மூன்றரை மீட்டர் தள்ளிப் போய் நிற்பீர்கள். நம் வீட்டுப் பிள்ளைகள் வேலை பார்க்கும் துபாயில் கிட்டத்தட்ட இதே அளவு, ஆனால் கிழக்குப் பக்கம். இரண்டும் பெரிய விஷயமில்லை.

டர்பனுக்குப் போங்கள். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் வாரிசுகள் இருக்கும் அதே தென்னாப்பிரிக்க டர்பன்தான். அங்கே ஒதுக்கம் சுமார் 25 டிகிரி மேற்கே. 100 மீட்டருக்கு 42 மீட்டர் விலகல். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் சுமார் 20 டிகிரி கிழக்கே. அந்த ஊர்க்காரர்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டால் அதில் நியாயம் உண்டு. இந்தப் பேச்சு இங்கே எப்படி வந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ட்ரோன் பற்றிய வீடியோக்கள் பெரும்பாலும் ஒதுக்கம் அதிகமுள்ள நாடுகளிலிருந்து வருகின்றன. அவர்களுடைய கவலையை நாம் அப்படியே வாங்கிக்கொள்கிறோம்.

ஆனால் இந்தக் கோணத்தைப் பொறுத்தவரை நம் பகுதிக்கு ஒரு பெரிய வரலாறு உண்டு. பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் சொல்லப் போவதற்கு அது தேவைப்படுகிறது. இங்கிருந்து வடக்கே வான்வழியாக 20 கிலோமீட்டர் போனால் அகத்தியமலை. 1837-இல் சுவாதித் திருநாள் மகாராஜா திருவனந்தபுரத்தில் வானாய்வுக் கூடம் அமைத்தார். அதன் பொறுப்புக்கு 1852-இல் வந்தவர் ஜான் ஆலன் ப்ரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர். அவருக்கு ஒரு சந்தேகம். காம்பஸ் முள் ஒரே இடத்தில் வைத்திருந்தாலும் காலையிலிருந்து மாலைக்குள் இம்மி இம்மியாக நகர்ந்து திரும்புகிறது. கடல் மட்டத்தை ஒட்டிய திருவனந்தபுரத்தில் நகர்வது மாதிரியே மலை உச்சியிலும் நகருமா? அதைப் பார்ப்பதற்காக 1855-இல், 6,000 அடிக்கு மேல், அகத்தியமலையில் ஒரு ஆய்வுக் கூடம் கட்டிவிட்டார் மனிதர். மழையும் அட்டையும் யானையும் உள்ள காடு அது. அங்கே முறைவைத்து உட்கார்ந்து முள்ளின் அளவைக் குறித்தவர்கள் உள்ளூர் உதவியாளர்கள். திருவனந்தபுரம், அகத்தியமலை இரண்டு இடத்திலும் எடுத்த காந்த ஒதுக்க அளவுகள் 1874-இல் பெரிய புத்தகமாகவே அச்சாகின. செலவு திருவிதாங்கூர் சமஸ்தானத்துடையது. நாமும் அன்றைக்கு அந்தச் சமஸ்தானம்தானே. இந்தப் பேச்சிப்பாறை அணையை 1897-இல் தொடங்கி 1906-இல் முடித்ததும் அதே அரசு, மூலம் திருநாள் காலத்தில். அணையைக் கட்டிய பொறியாளர் மிஞ்சின் துரைக்கு அணைக்கரையில் கல்லறை இருப்பது எல்லாருக்கும் தெரியும். அகத்தியமலையில் முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு எந்தக் கல்லும் இல்லை.

வேறெங்கும் இல்லாமல் இங்கே எதற்கு இவ்வளவு அக்கறை? காந்த நடுக்கோடு, அதாவது காந்தப்புலம் தரைக்கு இணையாகும் கோடு, இந்தப் பக்கமாகப் போகிறது. டெல்லியில் பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்காது, சுமார் 44 டிகிரி சரிந்து தரைக்குள் இறங்கும். நம் பக்கத்தில் அந்தச் சரிவு பூஜ்யத்தை ஒட்டி இருக்கிறது. புலம் தரைக்கு இணையாகப் படுத்துக் கிடக்கிறது. வெளிநாட்டிலிருந்து யாராவது காம்பஸ் வாங்கிவந்து கொடுத்திருந்தால் கவனித்துப் பாருங்கள். முள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு கண்ணாடியில் உரசும். அங்கத்திய சரிவுக்கு ஏற்ப எடை வைத்துச் செய்தது அது. 1963 நவம்பர் 21-ஆம் தேதி நாட்டின் முதல் விண்வெளி ராக்கெட்டை ஏவுவதற்குத் திருவனந்தபுரம் பக்கத்திலுள்ள தும்பாவைத் தேர்ந்தெடுத்ததும் இந்தக் கோட்டை வைத்துத்தான். இந்தக் கோட்டுக்கு மேலே சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதை ஆராய வேண்டியிருந்தது. அந்த மாதிரி ஆராய்ச்சிக்கு இன்றைக்கும் திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது.

காம்பஸுக்கு இதைவிட நல்ல ஊர் கிடைக்காது என்று அடித்துச் சொல்வேன். புலத்தின் பலம் இங்கே சுமார் 40,000 நானோடெஸ்லா. டெல்லியில் 48,000-ஐ ஒட்டி இருக்கும், கேட்பதற்கு அதிகம். ஆனால் வடக்கைக் காட்டுவது கிடைமட்டப் பங்கு மட்டும்தான். டெல்லியில் கணிசமான பங்கு தரைக்குள் போய்விடுகிறது, நமக்கு முழுசும் கிடைக்கிறது. காந்த வட துருவத்தை நெருங்க நெருங்க முள்ளைத் திருப்புவதற்கே கிடைமட்டப் பங்கு மிஞ்சாது.

இனி ட்ரோனுக்குள் வருவோம். அதில் முள் கிடையாது. நெல்மணி அளவு கூட இல்லாத ஒரு சில்லு, மூன்று திசையிலும் காந்தப்புலத்தை அளக்கிறது. ட்ரோன் எந்தப் பக்கம் மூக்கை வைத்திருக்கிறது என்று இதை வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. ஜிபிஎஸ் இருக்கிறதே, அது போதாதா என்று கேட்பீர்கள். ஜிபிஎஸ் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று சொல்லும். நின்ற இடத்தில் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறீர்கள் என்று சொல்லாது. காற்று அடித்து ட்ரோன் ஒரு மீட்டர் தெற்கே நகர்ந்துவிட்டது என்று ஜிபிஎஸ் சொல்கிறது. வடக்கே ஒரு மீட்டர் போக வேண்டும். வடக்கு என்பது என் மூக்குப் பக்கமா, இடப்பக்கமா, பின்பக்கமா? இதற்குப் பதில் காம்பஸிடம் இருக்கிறது. அந்தப் பதில் 2 டிகிரி தப்பானால் ட்ரோன் கொஞ்சம் கோணலாகத் திரும்பும், மறுநொடியே ஜிபிஎஸ் திருத்தும், உங்கள் கண்ணுக்கே தெரியாது. 25 டிகிரி தப்பானாலும் வளைந்து வளைந்து வந்து சேர்ந்துவிடும். அறுபது, எழுபது என்று ஏறினால்தான் வினை. திருத்தப் போகும் ஒவ்வொரு தடவையும் பக்கவாட்டில் விலகும், விலகியதைத் திருத்த மறுபடி பக்கவாட்டில் போகும். அப்படியே வட்டம், வட்டம் பெரிதாகிக்கொண்டே போகும். ட்ரோன்காரர்கள் 'டாய்லெட் பவுல்' என்று சொல்வது இதைத்தான். 90 டிகிரியைத் தாண்டினால் வட்டம்கூடக் கிடையாது, எதிர்த்திசையில் ஓட்டம்தான்.

பேச்சிப்பாறையின் 2 டிகிரியால் வட்டமடிக்கவே முடியாது என்று இப்போது விளங்கியிருக்கும். போதாததற்கு அந்த 2 டிகிரியையும் ட்ரோன் தானாகவே கழித்துக்கொள்கிறது. உலகக் காந்த மாதிரி என்று ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் கடல் வளிமண்டல நிர்வாகமும் பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனமும் சேர்ந்து ஐந்து வருடத்துக்கு ஒருமுறை வெளியிடுவது. கடைசியாக வந்தது 2024 டிசம்பரில், 2029 முடிய அது செல்லும். நடுவில் காந்த வட துருவம் சைபீரியா பக்கம் வேகமாக நகர்ந்துவிட்டதால் 2019 பிப்ரவரியில் கெடுவுக்கு முன்பே ஒரு திருத்தம் விட வேண்டி வந்தது. 1701-இல் ஹாலி அட்லாண்டிக் கடலுக்கு ஒதுக்க வரைபடம் போட்டு அச்சிட்டார், வால்நட்சத்திரத்துக்குப் பேர் கொடுத்த அதே ஹாலி. அந்த வேலையின் இன்றைய தொடர்ச்சிதான் இந்த உலகக் காந்த மாதிரி. இதிலிருந்து சுருக்கிய ஒரு அட்டவணை ட்ரோனின் நினைவகத்தில் இருக்கும். ஜிபிஎஸ் 'நீ இருப்பது பேச்சிப்பாறை' என்றதும் அட்டவணையைப் பார்த்து, 2 டிகிரி என்று எடுத்துக் கணக்கில் சேர்த்துவிடும். ஆர்டுபைலட் மாதிரி திறந்த மென்பொருளில் நீங்களே ட்ரோன் கட்டினால் இதற்கென்று ஒரு அளவுரு இருக்கிறது, தானாக எடுத்துக்கொள் என்று விட்டுவிடலாம், கையாலும் போடலாம். கையால் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது டிகிரியில் இல்லை, ரேடியனில். மேற்கு என்றால் கழித்தல் குறி.

அப்படியானால் சுற்றிச் சுற்றிக் காலிப்ரேஷன் செய்கிறோமே, அது எதற்கு?

கடையில் எண்ணெய் வாங்கும்போது காலிப் பாத்திரத்தை முதலில் தராசில் வைத்து அதன் எடையைக் கழித்துக்கொள்கிறார்கள் அல்லவா? அதுதான் இது. ட்ரோன் உடம்பிலேயே காந்தம் இருக்கிறது. மோட்டாருக்குள் காந்தம், திருகாணிகளில் இரும்பு, பாட்டரித் தகடுகள். பூமியின் புலத்தோடு இதெல்லாம் சேர்ந்துதான் சில்லுக்குள் போகிறது. ட்ரோனை எல்லாப் பக்கமும் திருப்பினால், பூமியின் பங்கு திருப்பலுக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். ட்ரோன் உடம்போடு ஒட்டிய பங்கு மாறாது. மாறாததைப் பிடித்துக் கழித்துவிட வேண்டும். கணக்கில் சொன்னால், அளவுகளையெல்லாம் புள்ளி வைத்தால் ஒரு உருண்டை வர வேண்டும், அதன் மையம் பூஜ்யத்தில் இருக்க வேண்டும். உடம்பிலுள்ள நிலைக்காந்தம் மையத்தை நகர்த்தும். தேனிரும்பு உருண்டையை நசுக்கும். மையத்தைத் திரும்ப இழுத்து வைப்பதும் நசுங்கலை நிமிர்த்துவதும்தான் காலிப்ரேஷன்.

பூமியின் நிஜ வடக்கு எங்கே இருக்கிறது என்பது இந்தச் சுற்றலில் எங்காவது வருகிறதா? வரவே வராது. ஒதுக்கம் 2 டிகிரியோ 25 டிகிரியோ, உருண்டை அதேதான். ஆயிரம் தடவை சுற்றினாலும் அதிலிருந்து ஒதுக்கத்தைக் கண்டுபிடிக்க வழியில்லை. அட்டவணை செய்வது ஒரு வேலை, சுற்றல் செய்வது வேறு வேலை.

இங்கேதான் காந்த நடுக்கோடு வந்து சேருகிறது. முதலில் ட்ரோனைத் தட்டையாகப் பிடித்து ஒரு சுற்று, பிறகு மூக்கைக் கீழே தொங்கவிட்டு ஒரு சுற்று என்று செயலி சொல்கிறது. இரண்டாவது சுற்றை அவசரத்தில் ஒப்புக்குச் செய்கிறவர்களை நிறையப் பார்க்கலாம். நம் ஊரில் புலம் தரைக்கு இணையாகப் படுத்திருக்கிறது என்றேன். ட்ரோனைத் தட்டையாக வைத்து எத்தனை சுற்றினாலும் சில்லின் மேல்-கீழ் அச்சில் பூமியின் புலம் கிட்டத்தட்ட விழவே விழாது. அந்த அச்சுக்கு ஒன்றும் தெரியாமலே போகும். மூக்கைத் தொங்கவிட்ட பிறகுதான் அதற்கு வெளிச்சம்.  பேச்சிப்பாறைக்காரருக்கு இரண்டாவது சுற்று கட்டாயம்.

இப்போது கொஞ்சம் இங்கே பாருங்கள். கையில் ஒரு சாதாரண காம்பஸ் வைத்திருக்கிறேன். அண்ணாச்சி, அந்த ரப்பர் பால்வெட்டுக் கத்தியை இப்படிக் கொடுங்கள். ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறேன், முள் அசையவில்லை. ஒரு சாண். இலேசாக ஒரு துடிப்பு. இரண்டு விரல் கிட்டத்தில் கொண்டு போகிறேன். பார்த்தீர்களா, முள் கத்தியோடு சுற்றுகிறது! இது நம் ஊரின் 2 டிகிரி இல்லை, இருபது முப்பது டிகிரி விளையாட்டு. தூரத்தோடு எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சிறு காந்தப் பொருளின் புலம் தூரம் இரட்டித்தால் எட்டில் ஒன்றாகிவிடும். அதனால் அரை மீட்டர் தள்ளினாலே பாதித் தொல்லை தீரும், ஒட்டி வைத்தால் எதுவும் தீராது.

கல்யாண வீட்டில் நடப்பதைச் சொல்கிறேன். மண்டபத்து மொட்டை மாடியில் ஏறுகிறார்கள். காங்கிரீட்டுக்குள் கம்பி. ட்ரோனைத் தரையில் வைத்ததும் 'காம்பஸ் பிழை' என்று திரையில் வருகிறது. உடனே அங்கேயே, ஒரு கையில் வாட்ச், சட்டைப் பையில் ஃபோன், பக்கத்தில் ஜெனரேட்டர், காலிப்ரேஷன். செயலியும் பாவம், 'முடிந்தது' என்று பச்சை காட்டும். இப்போது என்ன ஆயிற்று? மாடிக் கம்பியின் காந்தத்தையும் சேர்த்து ட்ரோனுடைய உடம்பு என்று நினைத்துக் கழித்துக்கொண்டது. மேலே ஏறியதும் கம்பி பின்தங்கிவிடும், கழித்தல் மட்டும் கூடவே வரும். நல்ல காலிப்ரேஷன் இருந்த ட்ரோனை இவர்களே கெடுத்தார்கள். பிழை வந்தால் முதலில் இடத்தை மாற்ற வேண்டும். மாற்றிய இடத்திலும் வந்தால் அப்போது சுற்றலாம்.

காலிப்ரேஷனே செய்யாமல் மாடியிலிருந்து ஏற்றினாலும் இன்னொரு வேடிக்கை உண்டு. தரையில் இருக்கும்போது கம்பி இழுத்த திசையை வடக்கு என்று எடுத்துக்கொள்ளும். மூன்று நான்கு மீட்டர் ஏறியதும் கம்பியின் பிடி விடும், காம்பஸ் சட்டென்று இருபது டிகிரி திரும்பியதாகச் சொல்லும். ட்ரோன் திரும்புவதை அளக்கும் கைரோ என்ற இன்னொரு சில்லோ 'நான் திரும்பவே இல்லையே' என்று சொல்லும். இரண்டு சாட்சியும் முரண்படும்போது நல்ல மென்பொருள் எச்சரிக்கை கொடுத்துத் திசையைப் புதிதாகக் கணக்கிடும். சில ட்ரோன்கள் ஜிபிஎஸ் பிடிப்பையே விட்டுவிட்டுக் காற்றோடு நகர ஆரம்பிக்கும். கோதையாற்றுப் பள்ளத்தாக்கில் காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அணைப்பக்கம் வேண்டவே வேண்டாம். ஷட்டரும் அதைத் தூக்கும் பல்சக்கரமும் கைப்பிடிக் கம்பியும் இரும்பு என்பது ஒரு காரணம். அனுமதி இல்லாமல் அணை மேலும் சரணாலயக் காட்டின் மேலும் பறக்கவிட்டால் வரும் வழக்கு இன்னொரு காரணம். மின்கோபுரத்தைப் பற்றிப் பயப்படுகிறவர்கள் அதிகம். கம்பியில் ஓடும் மாறுமின்சாரம் நொடிக்கு நூறு தடவை திசை மாறுவதால் சராசரியில் அடிபட்டுப் போகும். கோபுரத்தின் இரும்புதான் காம்பஸை இழுக்கும், அதுவும் சில மீட்டருக்குள். கம்பியில் மோதுவதற்குப் பயப்படுங்கள், அது நியாயம். பாறையைக் குறை சொல்கிறவர்களும் உண்டு. நம் மலையில் உள்ள சார்னோக்கைட் பாறையில் மேக்னடைட் கலந்திருப்பது உண்மை. ஆனால் பாறையால் ஐந்நூறு நானோடெஸ்லா கூடினாலும் குறைந்தாலும், 40,000-க்கு எதிரே அது ஒரு டிகிரியைக்கூட எட்டாது. மணவாளக்குறிச்சி கறுப்பு மணலைவிட உங்கள் காரின் பானெட்டைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

கன்னிப்பூவுக்கும் கும்பப்பூவுக்கும் மருந்தடிக்கும் ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு, முக்கியமாகச் சுயஉதவிக் குழுவில் ட்ரோன் ஓட்டக் கற்றுக்கொண்ட தங்கச்சிமார்களுக்கு ஒரு கணக்கு. ஒரு நேரான கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால், 10 சென்டிமீட்டர் தள்ளி அது உண்டாக்கும் காந்தப்புலம் 40,000 நானோடெஸ்லா. எங்கேயோ கேட்ட எண்ணாக இருக்கிறதா? பேச்சிப்பாறையில் பூமியின் மொத்தப் புலம் அவ்வளவுதான். மருந்து நிறைந்த ட்ரோன் தூக்கும்போது பாட்டரியிலிருந்து ஓடுவது 20 இல்லை, 50-க்கும் மேலே. அதனால்தான் ஜிபிஎஸும் காம்பஸும் சேர்ந்த அந்த வட்டப் பெட்டியை ஒரு கம்பத்தில் ஏற்றி உடம்புக்கு மேலே வைத்திருக்கிறார்கள், பாட்டரியின் சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் ஒட்டியே கொண்டுபோகிறார்கள். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் பக்கத்தில் இருந்தால் ஒன்றின் புலத்தை மற்றொன்று அழித்துவிடும். பழுதுபார்க்கக் கொடுத்து வாங்கியபின் வயரைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் கட்டியிருந்தாலோ, அந்தக் கம்பம் மடங்கியிருந்தாலோ, தரையில் எல்லாம் சரியாகத்தான் காட்டும். நிறை டாங்கோடு தூக்கும்போது திசை திரும்பும், மருந்து காலியாகக் காலியாகச் சரியாகும். இதைப் பார்த்துவிட்டு 'ஊர்க் காந்தம்' என்று சொல்லிவிடுகிறார்கள். சுற்றல் காலிப்ரேஷனால் இதைப் பிடிக்கவே முடியாது, ஏனென்றால் சுற்றும்போது மோட்டார் ஓடுவதில்லை. ஆர்டுபைலட்டில் மோட்டாரை ஓடவிட்டு மின்னோட்டத்துக்கு ஏற்பக் கழித்துக்கொள்ளத் தனி முறை இருக்கிறது. அதைப் பயிற்சி பெற்றவர் இறக்கையைத் தலைகீழாக மாட்டி, ட்ரோனைக் கட்டிவைத்துத்தான் செய்ய வேண்டும்.

ப்ரவுன் காட்டில் ஆள்வைத்து அளந்த அந்தத் தினசரி அசைவு ட்ரோனைப் பாதிக்குமா என்று ஒரு தம்பி காலையில் கேட்டார். அது வழக்கமான நாளில் ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கைத் தொடுவதே அபூர்வம். ட்ரோனில் இருக்கும் மலிவான சில்லுக்கு ஒன்றிரண்டு டிகிரியே நிச்சயமில்லை. 1855-இல் அகத்தியமலையில் தொங்கவிட்ட காந்தம் இதைவிட எத்தனையோ மடங்கு நுட்பமானது.

காம்பஸே இல்லாமல் ட்ரோன் வருமா என்றால், வந்துவிட்டது. முன்னும் பின்னுமாக இரண்டு ஆன்டெனா வைத்து, இரண்டுக்கும் நடுவே உள்ள கோட்டை ஜிபிஎஸ் கொண்டே அளந்து, மூக்கு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்கிறார்கள். பெரிய விவசாய ட்ரோன்கள் சிலவற்றில் அது இருக்கிறது. அதில் இரும்பும் தொல்லையில்லை, மின்னோட்டமும் தொல்லையில்லை, ஒதுக்கமும் கிடையாது, நேராக நிஜ வடக்குதான். விலை கூடும். நாஞ்சில் நாட்டு வயல்வெளியில், திறந்த வானத்தின் கீழ், அது அருமையாக வேலை செய்யும். ரப்பர் தோட்டத்துக்குள், இரண்டு பக்கமும் மலை மறைக்கும் இடுக்கில், செயற்கைக்கோள் சமிக்ஞை தட்டித் தட்டி வரும் இடத்தில், அதுவும் தடுமாறும். அந்த ட்ரோன்களிலும் காம்பஸ் சில்லைக் கழற்றாமல்தான் வைத்திருக்கிறார்கள். கேள்வி இருக்கிறவர்கள் முன்னால் வாருங்கள், கையில் ட்ரோன் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள். மேசைக்குக் கிட்டே மட்டும் வேண்டாம், இது இரும்பு மேசை.